நாற்பது டைல்ஸ் தூரம்

காலை ஆறு மணிக்கு நாங்கள் நீச்சல் குளத்துக்குள் நுழையும்போது எங்கள் பயிற்சியாளர் கழுத்தளவு தண்ணீரில் நின்றுகொண்டு எங்களைத் திட்டிக்கொண்டிருப்பார். தலையும் இரண்டு கைகளும் மட்டும்தான் வெளியே தெரியும். தலையில் மஞ்சள் ரப்பர் தொப்பி, வாயில் விசில். விசிலை எடுக்காமலே பேசுவார் என்பதால் பாதி வார்த்தை காற்றாகவும் மீதி கீச்சென்றும் வரும். "மணி ஆறு அஞ்சு! அங்க என்ன மாநாடு? இந்தத் தண்ணி ராத்திரி பூரா உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டு கிடக்கு. வாங்க, வாங்க, ஆடி அசைஞ்சு வாங்க."

ஆடி அசைந்து வருவதைத் தவிர எங்களுக்கு வேறு வழி கிடையாது. பெண்களுக்கான வகுப்பில் நாங்கள் பதினான்கு பேர். முட்டி தேய்ந்தவர்கள், பிள்ளை பெற்றவர்கள், மருத்துவர் மிரட்டி அனுப்பியவர்கள். நான் மூன்றாவது வகை. பத்திரிகையில் பிழை திருத்தி, அவ்வப்போது இப்படி எதையாவது எழுதி, இருபத்தாறு வருடம் நாற்காலியில் உட்கார்ந்தே உடம்பை வளர்த்தவள். எங்கள் குடும்பப் புகைப்படங்களில் என்னைத் தேடவேண்டுமென்றால் யாருடைய தோளுக்காவது பின்னால் தேடவேண்டும். முன்வரிசையில் மாட்டிக்கொண்ட படங்களில் என் வயிற்றுக்கு முன்னால் ஒரு கைப்பை கட்டாயம் இருக்கும்.

பயிற்சியாளருக்கு வயது நாற்பத்தாறு. எங்களுக்கு அவர் கோட்டக்கா. எங்களில் அறுபத்தொரு வயதானவரும் அப்படித்தான் கூப்பிடுகிறார். காரணம் அவருடைய கோட்டு. கருநீல மழைக்கோட்டு, முழங்காலுக்குக் கீழே வரை வரும், ஏழு பொத்தான். பகலில் குழந்தைகளுக்குக் கற்றுக்கொடுக்கும்போது அதை மாட்டிக்கொண்டு கரையில் நின்று நீளக் கம்பால் வழிகாட்டுவார். அலுவலகத்துக்குப் போகும்போதும் கோட்டு, வாசலில் தேநீர் குடிக்கும்போதும் கோட்டு. கோட்டின் கீழ்ப்பக்கம் மட்டும் ஒரு முழ உயரத்துக்குக் குளத்து மருந்துத் தண்ணீர் பட்டு வெளுத்துப்போயிருக்கும். கூரை போட்ட குளத்தில் மழைக்கோட்டு எதற்கு என்று ஒருமுறை கேட்டேன். "கூரைய நம்பி யாருங்க இருக்கா?" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

நீச்சலை அவர் கற்றுக்கொடுக்கும் விதம் எல்லோரும் செய்வதுதான். கையை இப்படி, காலை அப்படி. ஆனால் தண்ணீருக்குள் வருவதற்கு முன்னால் ஒரு பாடம் இருக்கிறது. அதுதான் அவருடைய சொந்தச் சரக்கு.

குளத்தோரத்தில் ஓர் இரும்பு ஸ்டாண்டு. பன்னிரண்டு கொக்கி, நான்கு சக்கரம். ஒரு சக்கரம் சுற்றாது, இழுத்தால் ஊரைக் கூட்டும். துண்டு மாட்டுவதற்காக வைத்தது. புதிதாக வருகிற எந்தப் பெண்ணும் துண்டைக் கழுத்திலிருந்து முழங்கால்வரை இறுகச் சுற்றிக்கொண்டுதான் உடை மாற்றும் அறையிலிருந்து வருவாள். ஏணியில் இறங்கி, தண்ணீர் இடுப்பைத் தொட்ட பிறகுதான் துண்டை விடுவாள். என் முதல் துண்டு அப்படித்தான் பாதி நனைந்து, அன்று முழுக்க வீட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

முதல் நாள் ஸ்டாண்டு ஏணியை ஒட்டி நிற்கும். மறுநாள் ஒரு டைல்ஸ் பின்னால். அதற்கு அடுத்த நாள் இன்னொன்று. "இன்னிக்கு ஒரு டைல்ஸ் தள்ளி வைம்மா," என்று தண்ணீரிலிருந்தபடியே உத்தரவு வரும், முதலில் வந்தவள் தள்ளிவைக்க வேண்டும். துண்டை ஸ்டாண்டில் மாட்டிவிட்டு மிச்ச தூரத்தை நீச்சலுடையோடு நடக்க வேண்டும். ஏணியிலிருந்து அறை வாசல்வரை இருபத்திரண்டு டைல்ஸ். ஒரு டைல்ஸ் என்பது ஓர் எட்டு நடை. இருபத்திரண்டாவது நாள் ஸ்டாண்டு அறை வாசலில் நிற்கும், நாங்கள் வெறும் தோளோடு குளத்தைப் பார்க்க நடந்து வருவோம். எங்கள் வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கணக்கு புரியாது. "நீ நீச்சல் கத்துக்கப் போறியா, டைல்ஸ் ஒட்டப் போறியா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஒரு நாளைக்கு ஒரு டைல்ஸுக்கு மேல் கிடையாது. இந்த விதி ஒரு தப்பிலிருந்து வந்தது, அந்தத் தப்பை அவரே ஒளிவு மறைவில்லாமல் சொல்வார். எல்லோரும் நன்றாக நடக்கிறார்களே என்ற குஷியில் ஒருநாள் மூன்று டைல்ஸ் தள்ளச் சொல்லிவிட்டார். அன்று வகுப்பில் பிள்ளை பெற்று ஐந்து மாதமான பெண் ஒருத்தி இருந்தாள். வயிற்றில் தையல் தழும்பு இருந்தது, தோல் இன்னும் இறுகவில்லை. துண்டை மாட்டிவிட்டுப் பாதி தூரம் வந்தவள் அப்படியே நின்றாள், திரும்பினாள், துண்டைச் சுற்றினாள், வீட்டுக்குப் போய்விட்டாள். மறுநாளும் வரவில்லை. கோட்டக்கா மூன்று நாள் போன் செய்தார், அவள் எடுக்கவில்லை. நான்காம் நாள் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டினார். திறந்தது மாமியார்.

"தப்பு என்னோடதும்மா. மூணு டைல்ஸ் தள்ளிட்டேன். நாளைக்கு வரச் சொல்லுங்க, ஸ்டாண்ட ரெண்டு டைல்ஸ் முன்னாடி வாங்கிக்கறேன்," என்றாராம் இவர்.

மாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. என்னதான் நடக்கிறது என்று பார்க்க மறுநாள் மருமகளோடு தானும் வந்தார். வந்தவர் வேடிக்கை பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். பத்து நிமிடத்தில் கவுண்ட்டரில் ஒரு நீச்சலுடை வாங்கி மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கிவிட்டார். அறுபது வயதில் முழங்கால் தெரிய நிற்பது இதுதான் முதல் தடவை என்று எல்லோரிடமும் சொன்னார், யாரும் கேட்காமலேயே. அன்றும் மருமகள் நாலாவது டைல்ஸில் தயங்கி நின்றுவிட்டாள். எல்லோரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, மாமியார் மட்டும் தண்ணீரிலிருந்து கத்தினார்: "ஏம்மா, கேஸை அணைச்சியா?"

"அணைச்சுட்டேன் அத்தை."

"பின்கதவு?"

"பூட்டிட்டேன். சாவி உங்க பையில," என்று சொல்லிக்கொண்டே வந்தவள் ஏணியைப் பிடித்துவிட்டாள். நடந்ததே அவளுக்குத் தெரியவில்லை.

கோட்டக்கா இதை அப்படியே பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து இரண்டாவது விதி. ஒருத்தி நடந்து வரும்போது தண்ணீரில் இருப்பவர்கள் தலையைத் திருப்பக் கூடாது, அவள் முகத்தைப் பார்த்து ஏதாவது கேட்க வேண்டும். பெரிய கேள்வி வேண்டாம். பஸ் கிடைத்ததா, பால் வாங்கியாயிற்றா, பையனுக்கு இருமல் எப்படி. நடப்பவள் பதில் சொல்லியே ஆகவேண்டும். "பாக்காத மாதிரி நடிக்கறாங்க பாருங்க, அதுதான் ரொம்பக் கேவலமா இருக்கும்," என்பார். "கேஸைப் பத்தி நினைக்கற மூளை தொடையப் பத்தி நினைக்காது. ரெண்டுக்கும் அங்க இடம் இல்ல."

உடம்பைப் பற்றி அவர் பேசும் மொழியே தனி. குண்டு, ஒல்லி என்ற சொற்கள் அவர் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மிதக்கிற உடம்பு, இழுக்கிற உடம்பு, சறுக்கிக்கொண்டு போகிற உடம்பு என்று மூன்று வகைதான். என்னை முதல் தடவை மல்லாக்கப் படுக்கவைத்துவிட்டு, "அடேயப்பா, மிதக்கறதுக்குன்னே செஞ்ச உடம்பு! எவ்வளவு பேரு இதுக்குத் தவம் கிடக்கறாங்க," என்றார். ஐம்பத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒருவர் என் உடம்பைப் பார்த்துப் பொறாமைப்பட்டார். வீட்டுக்குப் போகும்போது பஸ்ஸில் இரண்டு முறை தனியாகச் சிரித்தேன்.

உடை மாற்றும் அறையில் ஆளுயரக் கண்ணாடி ஒன்று உண்டு. அதன் கழுத்துக்குக் கீழே முழுவதும் வகுப்பு அட்டவணைகளை ஒட்டிவைத்திருந்தார், போன வருட அட்டவணையைக்கூடக் கிழிக்காமல். அதையும் எங்களுக்காகத்தான் ஒட்டியிருக்கிறார் என்று நினைத்தோம்.

ஒருநாள் வகுப்பு முடிந்து தெரு முனை வரை போனபிறகு மூக்குக்கண்ணாடியைக் குளத்தோரத்தில் விட்டுவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனேன். கோட்டக்கா தனியாக இருந்தார். நாங்கள் போனபிறகு பத்து நிமிடம் தனியாக நீந்துவார் என்று நினைத்திருந்தோம். நீந்தவில்லை. ஏணியின் கடைசிப் படியில், இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, கைப்பிடியில் மாட்டியிருந்த கோட்டை இழுத்து மாட்டிக்கொண்டிருந்தார். கோட்டின் அடிப்பாகம் தண்ணீரில் விரிந்து மிதந்தது. மேலிருந்து கீழே ஏழு பொத்தானையும் போட்டு முடித்த பிறகுதான் ஒரு படி மேலே ஏறினார். அந்த முழ உயர வெளுப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போது புரிந்தது.

நான்கு மாதத்தில் அவரைக் கோட்டோடு பார்த்திருக்கிறோம், கழுத்தளவு தண்ணீரில் பார்த்திருக்கிறோம். இரண்டுக்கும் நடுவில் ஒருநாளும் பார்த்ததில்லை. எங்களுக்கு முன்னால் வருவதும் கடைசியில் போவதும் கடமை உணர்ச்சி என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

என்னைப் பார்த்துவிட்டார். சமாளிக்கவில்லை, படியிலேயே உட்கார்ந்தார்.

"கடைசிப் பையன் பொறந்து, லீவு முடிஞ்சு வேலைக்கு வந்த முதல் நாள். இதே இடம். நீச்சலுடையில நடந்து வரேன். அங்க படிக்கட்டுல ஒருத்தன், 'எல்லாரும் மேல ஏறிக்கங்கப்பா, தண்ணி மட்டம் ஏறப்போவுது'ன்னான். எல்லாரும் சிரிச்சாங்க." கொஞ்ச நேரம் விசிலை உருட்டிக்கொண்டிருந்தார். "அவன் சொன்னது பரவாயில்லங்க. நானும் சேர்ந்து சிரிச்சேன் பாருங்க, அதுதான் இன்னும் ஆறல. மறுநாள் கோட்டு வாங்கிட்டேன். கோட்டுக்கும் கடைசிப் பையனுக்கும் ஒரே வயசுன்னு வீட்டுல கிண்டல் பண்ணுவாங்க. பதினொண்ணு."

"எங்களை மட்டும் நடக்கவெச்சீங்களே," என்றேன். எனக்குக் கோபம்தான் வந்தது. அழுகையும் வந்தது, அதை வெளியே காட்டவில்லை.

"உங்களையாவது நடக்கவெச்சேனே," என்றார். அப்புறம், "பத்திரிகைக்காரங்க நீங்க. இத எழுதிடாதீங்க," என்றார். எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மூக்குக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்தேன்.

அடுத்த வாரம் குளத்துக்குப் புது மேலாளர் வந்தார். முப்பது வயதிருக்கும். கொக்கி மாதிரி ஒல்லி. கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. அவர் குளத்தில் இறங்கி யாரும் பார்த்ததில்லை. கெட்டவர் இல்லை, காகிதத்தில் இருப்பதைக் காகிதத்தில் இருக்கிறபடியே செய்கிறவர், அவ்வளவுதான். ஒரு சனிக்கிழமை அறிவிப்புப் பலகையில் ஒரு தாளை ஒட்டினார். கரையில் நின்று கற்றுக்கொடுக்கும் எல்லோரும் உயிர்காப்புத் தேர்வில் தேறியிருக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தேர்வு, பொது நேரத்தில், பார்வையாளர்கள் முன்னிலையில். அறை வாசலிலிருந்து ஆழமான பக்கத்தில் இருக்கும் குதிக்கும் மேடைவரை நடந்து வந்து, குதித்து, ஐம்பது மீட்டர் நீந்தி, அடியில் கிடக்கும் ரப்பர் பொம்மையை மேலே கொண்டுவந்து இழுத்துக்கொண்டு திரும்ப வேண்டும். மூன்றரை நிமிடம். நீச்சலுடை மட்டும், தொளதொள உடைகளுக்கு அனுமதி இல்லை. தேறாதவர்களுக்கு அலுவலகத்தில் வேறு வேலை. அங்கே வேறு பெண் பயிற்சியாளர் கிடையாது என்பதால் தாளின் கடைசி வரி எங்களுக்கானது: தேவைப்பட்டால் பெண்கள் வகுப்பு நிறுத்தப்படும்.

எங்களுக்குக் கவலையே வரவில்லை. மூன்றரை நிமிடம் என்ன, மூன்றரை நிமிடத்தில் இவர் மேலாளரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வருவார். ஆனால் கோட்டக்கா தண்ணீரில் நின்றபடி, "நான் எழுதிக் குடுத்துட்டேன், எனக்கு டிக்கெட் கவுண்ட்டரே போதும்னு. உக்காந்த வேலை, காலும் வலிக்காது," என்றார்.

"நீந்தறதுக்கு உங்களுக்கு பயமாக்கா?" என்றார் கணக்கு டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்கு எடுப்பவர், எதையும் நேராகக் கேட்பவர்.

"நீந்தறதுக்கு என்ன பயம்?" என்றார். அவ்வளவுதான். விசில் வாயிலிருந்து விழுந்து தண்ணீரில் மிதந்தது. பதினான்கு பேரும் அவரைப் பார்த்தோம். அப்புறம் அந்த ஏணிக் கைப்பிடியில் தொங்கிக்கொண்டிருந்த கோட்டைப் பார்த்தோம். நான் எதையும் சொல்லவேண்டி இருக்கவில்லை. அந்த நடையை நடந்தவர்களுக்கு நடக்காதவரைக் கண்டுபிடிக்கத் தெரியாதா?

மாமியார்தான் முதலில் வாயைத் திறந்தார். "அன்னிக்கு எங்க வீட்டுக் கதவைத் தட்டினப்ப கூட இதே கோட்டுதானே போட்டிருந்த?" என்று கேட்டார். "ஆமாம்மா," என்றார் கோட்டக்கா, தேர்வில் பிட் அடித்து மாட்டிக்கொண்ட பிள்ளை போல.

கணக்கு டீச்சர் அதற்குள் கரையேறி எண்ணத் தொடங்கிவிட்டார். அறை வாசலிலிருந்து மேடைவரை நாற்பது டைல்ஸ். "பதினெட்டு வகுப்பு இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டே கால். கடைசி நாள் அரை டைல்ஸ் மிச்சம்கூட வரும்."

"கால் டைல்ஸ்ல ஸ்டாண்டை எப்படிடி நிறுத்துவ?" என்றார் மாமியார்.

"நாலு நாளுக்கு ஒரு தடவை மூணு தள்ளிக்கலாம்."

"ஒரு நாளைக்கு ஒண்ணுக்கு மேல கிடையாது," என்றார் கோட்டக்கா. "விதி."

"அது எங்களுக்கு. நீங்க வாத்தியாரு, டபுள் புரமோஷன்," என்றாள் மருமகள். எல்லோரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். எழுதிக் கொடுத்த கடிதத்தை அன்றே நானும் மாமியாரும் மேலாளரிடமிருந்து திரும்ப வாங்கி வந்தோம். அவர் கொடுக்க மறுத்திருக்கலாம். மாமியார் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்த விதத்தைப் பார்த்துக் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை வகுப்பு தலைகீழானது. நாங்கள் பதினான்கு பேரும் கழுத்தளவு தண்ணீரில், அவர் கரையில். மேடையிலிருந்து இரண்டாவது டைல்ஸில் ஸ்டாண்டு. முதல் பொத்தானில் கையை வைத்தவர் இரண்டு நிமிடம் வைத்தபடியே நின்றார். "எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புங்களேன்," என்றார். "யாரும் தலையைத் திருப்பக் கூடாது, விதி," என்று பதினான்கு குரலும் ஒன்றாகச் சொன்னது. நாங்கள் ஒத்திகை பார்க்கவில்லை. தானாக வந்தது.

கழற்றினார். பெரிய உடம்பு. அகன்ற தோள், கனத்த தொடைகள், இடுப்பில் இரண்டு மடிப்பு, தொடையின் பின்பக்கம் வெள்ளைக் கோடுகள். எங்களிடம் இல்லாதது எதுவும் அங்கே இல்லை, கொஞ்சம் தாராளமாக இருந்தது. "பையன் சாப்பிட்டானாக்கா?" என்று மருமகள் கேட்டாள். "இன்னும் எந்திரிக்கவே இல்ல," என்று சொல்லிக்கொண்டே இரண்டே எட்டில் மேடையேறிக் குதித்தார். அந்தக் குதியை இத்தனை மாதமாக எங்களிடம் மறைத்ததற்குத்தான் அவரை மன்னிக்க முடியாது. ஊசி இறங்குவது மாதிரி இறங்கினார், தண்ணீர் தெறிக்கவே இல்லை. நான் குளத்துச் சுவரில் இருந்த நீர்மட்டக் குறியைப் பார்த்தேன். தண்ணீர் ஏறவில்லை.

இரண்டு, நான்கு, ஆறு, ஒன்பது என்று ஸ்டாண்டு பின்னால் போய்க்கொண்டிருந்தது. சுற்றாத சக்கரம் தினமும் கத்தியது. பதினோராம் நாள் தகராறு. இருபத்து நான்காவது டைல்ஸ், மேலாளர் அறையின் கண்ணாடி ஜன்னலுக்கு நேரே வந்தது. அந்த நேரத்தில் அங்கே ஆள் இல்லை, ஆனாலும் ஜன்னல் ஜன்னல்தான். கோட்டக்கா மூன்று பொத்தானைக் கழற்றினார், திரும்பப் போட்டார். அன்று முழுவதும் கரையில் கோட்டோடு நின்றே வகுப்பு எடுத்தார். எங்களில் ஒருவரும் வற்புறுத்தவில்லை. போகும்போது மாமியார் அவர் கையைப் பிடித்து, "ரெண்டு டைல்ஸ் முன்னாடி வாங்கிக்கலாம்மா," என்றார். அவர் சொல்லிக்கொடுத்த வார்த்தைதான், அவருக்கே திரும்பி வந்தது. அன்று அவர் கண்ணைத் துடைத்தது தண்ணீருக்காக இல்லை.

அதனால் கணக்கு இடித்தது. கடைசி வகுப்பில் ஸ்டாண்டு முப்பத்தாறில் நின்றது. அறை வாசலை ஒட்டிய நான்கு டைல்ஸ் பழகாமலேயே பாக்கி. "நாலுதானே," என்றோம் நாங்கள். சொன்னோமே தவிர, முதல் நான்கு எட்டுதான் எப்போதும் கஷ்டம் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை பார்வையாளர் படிகளில் எழுபது பேருக்குக் குறையாது. தேர்வுக்கு நான்கு பேர். மற்ற மூவரும் இளைஞர்கள், பலகை மாதிரி வயிறு. அதில் வேகமானவன் இரண்டு நிமிடம் ஐம்பத்தெட்டு நொடியில் முடித்தான், கைதட்டல் விழுந்தது. நாங்கள் பதினான்கு பேரும் கீழ்ப்படியில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்கே ஸ்டாண்டை இழுத்து அறை வாசலில் நிறுத்திவைத்திருந்தோம்.

"அடுத்து, நான்காவது," என்றார் மேலாளர், கையில் நிறுத்துக் கடிகாரத்தோடு.

கோட்டக்கா வாசலில் வந்து நின்றார். கோட்டைக் கழற்றினார். கொக்கியில் மாட்டினார். மாட்டிய கை அதை விடவில்லை. ஒரு நொடி, ஐந்து நொடி, பத்து நொடி. படிகளில் பேச்சு அடங்கியது. எங்களுக்குப் பின்னால் ஒருவர் பக்கத்து ஆளிடம் ஏதோ சொல்வதும் அந்த ஆள் மூக்கால் சிரிப்பதும் கேட்டது. கணக்கு டீச்சர் என் மணிக்கட்டை நெரித்துக்கொண்டிருந்தார். கோட்டைப் பிடித்திருந்த கை அதை மறுபடி எடுத்து மாட்டிக்கொள்ளப் போகிறது என்று நான் நினைத்தேன்.

மாமியார் எழுந்து நின்றார். எழுபது பேருக்கும் கேட்கிற மாதிரி, கூரையில் எதிரொலிக்கிற மாதிரி, கத்தினார்:

"ஏம்மா, கேஸை அணைச்சியா?"

கோட்டக்கா நிமிர்ந்தார். எங்களைத் தேடினார், கண்டுபிடித்தார்.

"அணைச்சுட்டேம்மா!" கை கோட்டை விட்டது. ஓர் எட்டு.

"பின்கதவு?" இது மருமகள்.

"வீட்டுக்காரர் பூட்டினாரு!" இரண்டு, மூன்று.

"சாவி?"

"அவரு தொலைச்சிருப்பாரு!" நான்கு, ஐந்து. படிகள் மொத்தமும் வெடித்துச் சிரித்தன. கோட்டக்காவும் சிரித்தார், வாய்விட்டு, தலையைப் பின்னால் சாய்த்து. பதினோரு வருடத்துக்கு முன்னால் அந்த இடத்தில் சிரித்த சிரிப்பை நான் கேட்டதில்லை. ஆனால் இது அது இல்லை என்று சத்தியம் செய்வேன்.

"அமைதி, அமைதி," என்றார் மேலாளர்.

"நீங்க அணைச்சீங்களா சார்?" என்றார் மாமியார்.

"நான்... அணைச்சுட்டேன்," என்றார் அவர், தன்னை அறியாமல்.

அதற்கப்புறம் எங்களைப் பிடிக்க முடியவில்லை. பஸ் கிடைத்ததா, பையன் எழுந்தானா, இருமல் நின்றதா என்று பதினான்கு பேரும் கேட்க, எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டே அவர் நடந்தார். நான் மேலாளர் அறை ஜன்னலைப் பார்த்தேன். அவர் அதைப் பார்க்கவே இல்லை. நாற்பதாவது டைல்ஸைத் தாண்டி மேடையில் ஏறியபோது தோள்கள் பின்னால் போயின, கழுத்து நீண்டது. எழுபது பேர் பார்க்க, கைகளைத் தலைக்குமேல் சேர்த்தார். குதித்தார். தெறிக்கவில்லை. மூக்கால் சிரித்த ஆள், "அம்மாடி!" என்றார். இந்த முறை வாயால்.

மற்ற மூவரும் பொம்மையை மூட்டை மாதிரி இழுத்தார்கள். இவர் அதன் தாடையை நிமிர்த்திப் பிடித்து, பழக்கதோஷத்தில் அதையும் திட்டிக்கொண்டே வந்தார். "வாய மூடு, தண்ணி குடிப்ப. கால விறைக்காத. மிதக்கற உடம்புதான் உனக்கு, பயப்படாத." இரண்டு நிமிடம் நாற்பத்தொரு நொடி. மேலாளர் கடிகாரத்தை இரண்டு தடவை பார்த்தார், அப்புறம் கணக்கு டீச்சரிடம் காட்டினார். அவர்தான் எண்ணைப் படித்துச் சொன்னார். நாங்கள் போட்ட கூச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது.

படியிறங்கி ஓடினோம். தண்ணீரிலிருந்தபடியே என்னைப் பார்த்து, "பத்திரிகைக்காரம்மா, இப்ப எழுதுங்க. டைல்ஸ் கணக்கு மட்டும் தப்பு வராம பாத்துக்கங்க," என்றார். நாற்பது. இரண்டு முறை சரிபார்த்துவிட்டேன்.

அவர் ஏணியில் ஏறி வந்தார். நீர் சொட்டச் சொட்ட, அவசரமில்லாமல், ஒவ்வொரு படியாக. அதற்குள் மேலாளர் வாசலுக்கு ஓடிப்போய்க் கொக்கியிலிருந்த கோட்டை எடுத்துக்கொண்டு வந்திருந்தார். மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினார். "தேங்க்ஸ் சார்," என்று வாங்கிக்கொண்டார் கோட்டக்கா. உதறினார், நான்காக மடித்தார், குனிந்து ஏணி முனையில் ஈர டைல்ஸின் மேல் சுருக்கமில்லாமல் விரித்தார். அதன்மேல் ஏறி நின்று முதலில் வலது காலை நன்றாகத் துடைத்தார், பிறகு இடது காலை.